கவுனும் டர்போவும் ஒரு சைஸ் பெரிது

இரண்டாயிரம் பிறந்து இரண்டு மூன்று வருடங்கள் ஆகியிருந்த சமயம் அது. திண்டுக்கல்லில் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் ஒரு வாடகை வீட்டில் நானும் எட்டு வயது மகளும் இருந்தோம். மனைவி மலைமேல் இருந்தாள். கோபித்துக்கொண்டு போய்விட்டாளோ என்று நினைக்க வேண்டாம். அவள் நர்ஸ். சிறுமலையில் உள்ள சுகாதார நிலையத்துக்கு மாற்றல் வந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. சனிக்கிழமை இறங்கி வருவாள், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிவிடுவாள். இடையில் கிடைக்கிற ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பூசைக்குப் போய்வந்து, ஒரு வாரத் துணியைத் துவைத்து, மகளுக்குப் பேன் பார்த்து, எங்கள் இருவருக்கும் வாரம் முழுக்கத் தாங்குகிற மாதிரி புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் செய்து வைத்துவிட்டுப் போவாள். நானும் அவளும் உட்கார்ந்து பேசியதாக எனக்கு நினைவே இல்லை.

நான் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். எந்த மெஷின் எந்த இடத்தில் மக்கர் செய்தாலும் காதை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று மில்லில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவனே நான்தான் என்பது வேறு விஷயம். மொத்தத்தில், யாரிடமும் எதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை.

என்னிடம் ஒரு பழைய கார் இருந்தது. நான் கார் என்பேன், மனைவி 'அந்த வண்டி' என்பாள். பெட்ரோலில் ஓடிய காருக்குள், செலவு குறையட்டும் என்று யாரோ ஒரு டீசல் இன்ஜினைத் தூக்கி வைத்திருந்தார்கள். அப்போது நம் பக்கம் இது சகஜம். வத்தலக்குண்டு ரோட்டில் சமதரையில் விட்டால் ஒழுங்காகப் போகும். மலை ஏற்றம் என்றால் மட்டும் இரண்டாவது வளைவிலேயே இருமத் தொடங்கிவிடும். சிறுமலைக்கு மொத்தம் பதினெட்டுக் கொண்டை ஊசி வளைவுகள்.

அதற்கு முந்தைய கிறிஸ்மஸுக்கு நடந்ததைச் சொல்லியாக வேண்டும். இருபத்துநான்காம் தேதி மத்தியானத்தோடு அவளுக்கு டியூட்டி முடிந்தது. பஸ்ஸில் வந்துவிடுகிறேன் என்றுதான் சொன்னாள். "நீ எதுக்குக் கூட்டத்துல நசுங்குற, நான் வாரேன்" என்று பெரிய மனிதனாட்டம் சொன்னவன் நான். ஆறாவது வளைவில் ரேடியேட்டர் கொதித்து கார் நின்றது. பானட்டைத் திறந்து, குழாயைக் கழற்றி, ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து ஊற்றி, அதோடு மல்லுக்கட்டியதில் பொழுது போய்விட்டது. கடைசியில் இறக்கத்தில் உருட்டிக்கொண்டு திரும்பி வந்தேன். மேலே அவள் கடைசி பஸ்ஸையும் விட்டுவிட்டுக் காத்திருந்தாள். மறுநாள் அவள் வந்து சேர்ந்தபோது கிறிஸ்மஸ் பூசை முடிந்து, மகள் புதுச் சட்டையைக் கழற்றி மடித்து வைத்திருந்தாள். மனைவி என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த மே மாதம் மகளுக்குப் புதுநன்மை. எங்கள் சபையில் பிள்ளைகள் முதன்முதலாக நற்கருணை வாங்குகிற நாள் அது. வெள்ளை கவுன், தலையில் முக்காடு, கையில் மெழுகுதிரி என்று கல்யாணம் மாதிரி இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் பூசை. அந்த வாரம் மனைவிக்குப் பதில் டியூட்டி பார்க்க வேண்டிய நர்ஸ் சனிக்கிழமை சாயங்கால பஸ்ஸில்தான் மேலே வருவார். அந்த பஸ் வந்த வேகத்தில் திரும்பிவிடும். அறையையும் மருந்தையும் அவரிடம் ஒப்படைத்துவிட்டு அந்த பஸ்ஸைப் பிடிக்க அவளால் முடியாது. யாராவது போய்க் கூட்டி வந்தால்தான் உண்டு.

"யாருட்டயாவது ஜீப்புக்குச் சொல்லி வைக்கவா?" என்று மனைவி மெல்லக் கேட்டாள். வேண்டாம், நானே வருவேன் என்றேன். அவள் அதோடு விட்டுவிட்டாள். ஆனால் மகள் விடவில்லை. "அப்பா, அம்மா வந்துருவாங்கள்ல?" என்று தினமும் கேட்டாள். பல் விளக்கும்போது கேட்பாள், சோறு பிசைந்து கொடுக்கும்போது கேட்பாள். வாடகை ஜீப் ஒன்றைப் பிடித்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். ஆனால் கிறிஸ்மஸுக்கு என் மானத்தை வாங்கிய அதே காரில், அதே மலையில் ஏறிப்போய் அவள் முன்னால் இறங்க வேண்டும் என்று எனக்கு வீம்பு.

மில்லுக்குப் பஞ்சு லோடு கொண்டுவரும் லாரியில்தான் டர்போவை முதலில் பக்கத்தில் பார்த்தேன். நத்தை ஓடு போல வளைந்த ஒரு இரும்புக் கூடு. இன்ஜின் வெளியே தள்ளுகிற புகை அதற்குள் ஒரு சின்ன விசிறியைச் சுற்றும். அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் இன்னொரு விசிறி, வெளிக்காற்றை இழுத்து இன்ஜினுக்குள் அழுத்தித் தள்ளும். காற்று அதிகம் போனால் டீசல் நன்றாக எரியும், வண்டிக்கு இழுவை கூடும். இவ்வளவுதானே, இதை நம் காருக்கு வைத்தால் என்ன என்று தோன்றியது.

பைபாஸ் பக்கம் லாரி ஒர்க்‌ஷாப்புகள் வரிசையாக இருக்கும் இடத்தில், டர்போ மட்டும் சர்வீஸ் செய்கிற ஒரு பாய் கடை இருந்தது. அவருக்கும் என் வயதுதான் இருக்கும். போய் நின்று, மலை ஏற ஒரு டர்போ வேண்டும் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே, இன்ஜின் எத்தனை லிட்டர், வளைவில் ஏறும்போது எந்த கியரில் எவ்வளவு வேகத்தில் போவீர்கள், ஆயில் குடிக்கிறதா என்று வரிசையாகக் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஃபிட்டரிடமே இன்டர்வியூ வைக்கிறாரே என்று நினைத்தேன். "வண்டியக் கொண்டாங்க சார், பாத்துட்டுச் சொல்றேன்" என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தவன் அந்தப் பக்கம் மறுபடி போகவில்லை.

நேராகக் காயலான் கடைக்குப் போனேன். ஒரு மூலையில் ஏழெட்டு டர்போக்கள் கிடந்தன. சிறியதும் பெரியதும் ஏறக்குறைய ஒரே விலை. எதை எடுப்பேன்? நீங்களே சொல்லுங்கள். நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் செருப்பு வாங்கினால் ஒரு விரல் பெரிதாகத்தானே வாங்குவோம்? அதே புத்தியில் நடுத்தர லாரியில் இருந்து கழற்றிய, இருப்பதிலேயே பெரியதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தேன். காற்று கூடப் போனால் நல்லதுதானே, குறைந்தால்தானே வம்பு.

அதே வாரம்தான் மகளின் கவுனுக்கு அளவு கொடுக்கப் போனோம். டெய்லரிடம் நீளத்திலும் தோளிலும் நன்றாகக் கூட்டியே தைக்கச் சொன்னேன். இந்தக் கிறிஸ்மஸுக்கும், அடுத்த ஈஸ்டருக்கும், அதற்கடுத்த கிறிஸ்மஸுக்கும் ஆகும் என்பது என் கணக்கு. மகள் என் முகத்தையும் டெய்லர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் டர்போவைப் பொருத்திவிட்டேன். டர்போவுக்கும் இன்ஜினுக்கும் இடையில் வைக்கும் தகட்டை நானே லேத்தில் கடைந்தேன். ஆயில் போக ஒரு குழாய், திரும்ப ஒரு குழாய். காற்று அதிகம் வந்தால் டீசலும் அதிகம் வேண்டுமே என்று பம்பில் இருந்த ஸ்க்ரூவைத் தாராளமாகத் திருப்பி வைத்தேன். பைபாஸில் விரட்டிப் பார்த்தபோது 'ஊய்ய்ய்' என்று ஒரு விசில் சத்தம் வந்தது. வண்டி கொஞ்சம் முன்னால் பாய்ந்த மாதிரியும் இருந்தது. மகள் பின்சீட்டில் கைதட்டினாள். நான் மறுநாள் மில்லில் ஒருத்தர் விடாமல் சொல்லித் தீர்த்தேன்.

புதுநன்மைக்கு முந்தைய புதன்கிழமை, சும்மா ஒரு ஒத்திகை என்று மகளையும் ஏற்றிக்கொண்டு மலைக்கு விட்டேன். முதல் வளைவில் வேகம் குறைந்தது. விசிலையே காணோம். ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் பின்னால் கன்னங்கரேலென்று புகைதான் வந்தது. இரண்டாவது வளைவில் திணறியது. மூன்றாவது வளைவில் ரேடியேட்டர் பொங்கி நின்றேவிட்டது. முன்பாவது ஆறு வளைவு ஏறியது, இப்போது மூன்று. எதிரே வாழைத்தார் ஏற்றி வந்த ஜீப்காரர் புகைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்.

மகள் சாலையோரக் கட்டைச் சுவரில் உட்கார்ந்திருந்தாள். அங்கிருந்தபடியே, "அப்ப அம்மா வர மாட்டாங்களா?" என்றாள். அழவில்லை. வராமல் போனால் என்ன செய்வது என்று அவள் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த மாதிரி அந்தக் குரல் இருந்தது. அதுதான் என்னைப் போட்டு உலுக்கிவிட்டது. எட்டு வயதுப் பிள்ளை என்னை நம்பாமல் இருக்கப் பழகிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அரை நாள் லீவு போட்டேன். டெய்லரிடம் கவுனை வாங்கிக்கொண்டு, மகளோடு நேராக பாய் கடைக்குப் போனேன். வண்டியைக் காட்டித் தலையைக் குனிந்துகொண்டு நடந்ததைச் சொன்னேன். அவர் பானட்டைத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கும்போது, என் மகள் பொறுமையில்லாமல் கவுனை எடுத்து, போட்டிருந்த சட்டைக்கு மேலேயே மாட்டிக்கொண்டு வந்து நின்றாள். கை விரல்கள் தெரியவில்லை. கீழே தரையைப் பெருக்கிக்கொண்டிருந்த துணியை இரண்டு கைகளாலும் அள்ளிப் பிடித்திருந்தாள்.

பாய் அவளைப் பார்த்தார். "பாப்பாவுக்கு எதுக்கு சார் இம்புட்டுப் பெருசா?"

"வளர்ற பிள்ளை பாய். ரெண்டு மூணு வருசத்துக்கு ஆகும்ல."

அவர் அந்த லாரி டர்போவை ஸ்பேனரால் லேசாகத் தட்டினார். "இதையும் அப்படித்தான் வாங்குனீங்களாக்கும்?"

நான் கவுனைப் பார்த்தேன், டர்போவைப் பார்த்தேன். மகள் வேறு அந்த நேரம் பார்த்து, "கையக் கூப்பிக்கிட்டுத்தான் நடக்கணும்னு சிஸ்டர் சொல்லிருக்காங்க. அப்ப கவுன யாரு புடிச்சுக்குவா?" என்று என்னைக் கேட்டாள். பாய் சிரித்துவிட்டார். கேலியான சிரிப்பு இல்லை அது. அவருக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் இருந்ததைப் பிறகு தெரிந்துகொண்டேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். லாரி இன்ஜின் என் இன்ஜினைப் போல இரண்டு பங்கு. அது தள்ளுகிற புகைக்கு ஏற்ற விசிறி இது. என் இன்ஜின் வளைவில் மெதுவாகப் போகும்போது விடுகிற புகை இந்த விசிறியை அசைக்கக்கூடப் போதாது. விசிறி சுற்றாமல் அங்கே நிற்பது, சைலன்சரை அடைத்து வைத்த மாதிரிதான். போதாக்குறைக்கு நான் டீசலை வேறு கூட்டி வைத்திருந்தேன். எரியக் காற்று இல்லாமல் அத்தனையும் கரும்புகையாகவும் சூடாகவும் போயிருக்கிறது. "பெருசு தப்பில்ல சார். நம்ம வண்டிக்கு எப்ப வேணுமோ அப்பச் சுத்தணும், அதான்" என்றார். முதல் நாள் அவர் கேட்ட மூன்று கேள்விகளும் எதற்கு என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பிறகு அலமாரியில் இருந்து ஒன்றை எடுத்தார். சின்ன டீசல் வேனில் இருந்தது. என் உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் போலிருந்தது. விசிறியை ஒரு விரலால் சுண்டிவிட்டு, காதோரம் வைத்துக் கேட்டார். தண்டைப் பிடித்து அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தார். என் கையில் கொடுத்து என்னையும் ஆட்டிப் பார்க்கச் சொன்னார். என் பழைய இன்ஜினுக்கு மெல்ல ஊதினால் போதும், பலமாக ஊதினால் உள்ளே ஏதாவது விட்டுக்கொடுத்துவிடும் என்றும் சொன்னார்.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவர் கடைக்கு விடுமுறை. அதைத் தெரிந்துகொண்டு நான் தயங்கினேன். "பாப்பாவோட விசேஷம்ல. நீங்க தகடு கடஞ்சு எடுத்துட்டு வாங்க, நான் ஜும்மா முடிச்சுட்டு வந்துர்றேன்" என்றார். சொன்னபடி தொழுகை முடித்து, வெள்ளைச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, காருக்கு அடியில் படுத்துவிட்டார். பம்பை ஒழுங்கான அளவுக்குக் குறைத்தார். சாயங்காலம் கிளம்பும்போது கூலி வாங்க மறுத்துவிட்டார். பொருளுக்கு மட்டும்தான் வாங்கிக்கொண்டார். ஆனால் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒன்று சொன்னார்.

"ஏறி முடிச்ச ஒடனே டப்புன்னு ஆஃப் பண்ணிராதீங்க. உள்ள அது நெருப்பாச் சுத்திக்கிட்டு இருக்கும். ஆஃப் பண்ணா ஆயில் நின்னுரும், தண்டு தீஞ்சுரும். ரெண்டு நிமிசம் சும்மா ஓட விட்டு அது அடங்குன பெறகு நிறுத்துங்க. எங்க போய் நின்னாலும் இதப் பழக்கமா வச்சுக்கங்க."

சனிக்கிழமை மத்தியானம் நானும் மகளும் கிளம்பினோம். முதல் வளைவில் மெல்லிசாக விசில் வந்தது. மகள் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள். மூன்றாவது வளைவில் எண்ணுவதை நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். தாண்டினோம். ஆறாவது வளைவில் நான் ஒரு சிலுவை போட்டுக்கொண்டேன். அதையும் தாண்டினோம். அதற்குப் பிறகு என்னால் எண்ண முடியவில்லை, கண் கலங்கிவிட்டது.

சுகாதார நிலையத்து வாசலில் மனைவி பையோடு நின்றிருந்தாள். மகள் கதவைத் திறந்துகொண்டு ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள். சாவியைத் திருப்பப் போனவன் பாய் சொன்னது ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

மாற்று நர்ஸ் வந்து, எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டு நாங்கள் இறங்கி வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். மகள் வீடு வந்ததும் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள், அம்மா வந்துவிட்ட சேதியைச் சொல்ல. மனைவி இறங்கப் போனாள். நான் இன்ஜினை நிறுத்தவில்லை. "ஆஃப் பண்ணலையா?" என்றாள். ரெண்டு நிமிஷம் ஓடணும் என்றேன். என்ன நினைத்தாளோ, கதவில் இருந்து கையை எடுத்துவிட்டு அவளும் உட்கார்ந்துகொண்டாள்.

முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "கிறிஸ்மஸுக்கு மூணு தடவ பையக் கட்டிக் கட்டிப் பிரிச்சேங்க. ஆறாவது வளைவுல நின்னீங்களே, உங்களத் தாண்டி எத்தன ஜீப் மேல வந்துச்சு? ஒருத்தர்ட்ட ஒரு வார்த்த சொல்லி விட்டுருக்கலாம்ல? வண்டி நின்னதுக்கு நான் வருத்தப்படல. மலையில உருண்டுட்டீங்களோன்னு ராத்திரி பூரா ஜெபமாலையக் கையில வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

ஐந்து மாதமாக அவள் மனதில் இருந்தது இது. அவள் கோபித்திருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு நான் இரும்பை வாங்கி இன்ஜினில் மாட்டிக்கொண்டிருந்தேன். அவள் கேட்டதெல்லாம் ஒரு வார்த்தை. கல்யாணமாகிப் பத்து வருடத்தில் முதல் தடவையாக அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் கியர் மேல் இருந்த கரி படிந்த என் கையின் மேல் கையை வைத்தாள். இரண்டு நிமிடம் எப்போதோ முடிந்திருந்தது, டீசலைப் பற்றி நான் கவலைப்படவில்லை.

வீட்டுக்குள் போனதும் முதல் வேலையாக மகளை ஸ்டூலில் ஏற்றி நிறுத்தி, வாயில் குண்டூசிகளைக் கடித்துக்கொண்டு கவுனை இடுப்பிலும் தோளிலும் கீழ் விளிம்பிலும் மடித்துத் தைத்தாள். "யாரு இத இம்புட்டுப் பெருசா தைக்கச் சொன்னது?" என்று கேட்டபோது, நானும் மகளும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மறுநாள் மகள் கையைக் கூப்பிக்கொண்டு, எதையும் அள்ளிப் பிடிக்காமல், நிமிர்ந்து நடந்து போனாள். பீடத்துக்குப் பக்கத்தில் போகும்போது ஒரு தடவை திரும்பி அம்மா இருக்கிறாளா என்று பார்த்துக்கொண்டாள். மத்தியானச் சாப்பாட்டுக்கு பாய் குடும்பத்தோடு வந்தார். அவர்களுக்காகக் கறியை பேகம்பூரில் ஹலால் கடையில் வாங்கியிருந்தோம். வந்த மனுஷன் வீட்டுக்குள் வருவதற்கு முன்னால் காரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காதை வைத்துக் கேட்டுவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினார்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் மனைவி மலையில் வேலை பார்த்தாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தக் கார் ஏறி இறங்கியது. ஒவ்வொரு தடவையும் வீட்டு வாசலில் அந்த இரண்டு நிமிடம் உண்டு. அவளுடைய மேலதிகாரியின் தொல்லை, என் மில்லில் ஆள்குறைப்புப் பேச்சு, மகளை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்று எங்கள் வீட்டின் பெரிய விஷயங்கள் எல்லாம் அந்த ஓடிக்கொண்டிருக்கும் இன்ஜினுக்குப் பின்னால் உட்கார்ந்துதான் முடிவாயின.

கார் போய் வெகு காலமாகிவிட்டது. மகளுக்கே இப்போது ஒரு மகள். இன்று நாங்கள் வைத்திருக்கும் காரை வந்து நின்ற நிமிடமே நிறுத்தலாம், ஒன்றும் ஆகாது. நிறுத்தவும் செய்கிறேன். ஆனால் நிறுத்திய பிறகு மனைவியும் உடனே கதவைத் திறப்பதில்லை, நானும் திறப்பதில்லை. அந்த பாய் என் இன்ஜினுக்குப் பொருத்தமான டர்போவைத் தேடி எடுத்துக் கொடுத்தார் என்றுதான் நினைத்திருப்பார். எங்கள் இருவருக்கும் பொருத்தமான அளவில் இரண்டு நிமிடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிட்டுப் போனதை அவரிடம் நான் இதுவரை சொன்னதில்லை.